மலைநாட்டு ஓட்டத்துக்கு எது சரி: முழு மின்சாரமா, பிளக்-இன் ஹைப்ரிட்டா, சாதாரண ஹைப்ரிட்டா?

கொட்டகலை_வாசி:

வணக்கம். கொட்டகலையில் இருக்கிறோம். அட்டன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று தினமும் 25 முதல் 30 கிலோமீற்றர் ஓட்டம். மாதத்தில் ஓரிரு தடவை கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பு. எப்போதாவது நுவரெலியா, பதுளை. நாலு பேர் உள்ள குடும்பம்.

பாவித்த வாகனம்தான் வாங்க முடியும். 40 யூனிட் (கிலோவாட் மணி) பெட்டரியில் மட்டும் ஓடும் நிசான் லீஃப், சார்ஜும் போட்டுப் பெற்றோலிலும் ஓட்டக்கூடிய மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன், வெளியே சார்ஜ் போடாமல் பெற்றோல் என்ஜினோடு சிறு பெட்டரியும் உள்ள டொயோட்டா அக்குவா ஹைப்ரிட் ஆகிய மூன்றில் ஒன்று. கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கெல்லாம் சமதரை ரோட்டுக்கானது. ஏற்றத்தில் எவ்வளவு சார்ஜ் போகும்? இறக்கத்தில் எவ்வளவு திரும்பி வரும்? மூன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாடகை வீடு, ஆனால் மீட்டர் தனி. வாகனம் முற்றத்திலேயே நிற்கும்.

மலைப்பாதை:

அண்ணே, கிலோமீற்றரை விட்டுவிட்டு முதலில் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். நம்ம பக்கத்தில் வாகனம் தெரிவு செய்வதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஒரு டொன் எடையை 1000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 2.7 யூனிட் சக்தி வேண்டும். எந்தக் கம்பெனி வாகனம் என்றாலும் இது மாறாது. அவிசாவளையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறும் உயரத்தைச் சுமார் 1200 மீற்றர் என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி கித்துல்கலைக்குப் பிறகு வருகிறது.

லீஃப் 1.5 டொன். நாலு பேரையும் சேர்த்தால் 1.75. ஏற்றத்துக்கு மட்டும் 5.7 யூனிட். மோட்டாரிலும் இன்வேட்டரிலும் போகும் இழப்போடு பெட்டரியிலிருந்து சுமார் 6.5 யூனிட் இறங்கும். கொழும்பிலிருந்து உங்கள் வீடு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். அதைச் சமதரை என்று நினைத்தால் 20, 21 யூனிட். ஆக மேலே வர 27, 28 யூனிட் வேண்டும். 40 யூனிட் லீஃப் புதிதாக இருக்கும்போதே 37, 38 யூனிட்தான் பாவிக்கக் கிடைக்கும். பெட்டரியின் நலம் (புதிதில் பிடித்த சக்தியில் இப்போது பிடிக்கும் பங்கு) 85 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 32. வீட்டுக்கு வந்து சேரலாம், ஆனால் கையிருப்பு நாலைந்து யூனிட்தான். மழை, நெரிசல், ஏசி எல்லாம் சேர்ந்த நாளில் அவிசாவளையை ஒட்டி எங்காவது சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது நல்லது. இதே ஓட்டத்துக்குப் பழைய 24 யூனிட் லீஃபை நினைக்கவே வேண்டாம். அது அட்டன், தலவாக்கலை, நுவரெலியா சுற்றுக்கு மட்டும்.

இறங்கும்போது அந்த 5.7 யூனிட்டில் ரோட்டு உராய்வும் காற்றும் எடுத்ததுபோக நாலுக்குச் சற்றுக் குறைவாகப் பெட்டரிக்குத் திரும்பும். அதனால் கொழும்புக்கு இறங்கும் பயணம் 17 யூனிட்டில் முடிந்துவிடும். ஒரே ரோட்டில் போக 17, வர 28. இந்த வித்தியாசத்தை மனதில் வைக்காதவர்கள்தான் கினிகத்தேனை ஏற்றத்தில் சார்ஜ் மீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

அக்குவாவுக்கு வருவோம். ஆட்களோடு 1.35 டொன். இதே ஏற்றத்துக்கு 4.4 யூனிட். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது, என்ஜின் அதில் மூன்றிலொரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக ஏற்றத்துக்காக மட்டும் சுமார் ஒன்றரை லீற்றர் கூடுதலாக எரியும். இறக்கத்தில் அது திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. அக்குவாவின் பெட்டரி மொத்தமே 0.94 யூனிட். அதை முழுதாகக் காலியாக்கவும் முழுதாக நிரப்பவும் கொம்பியூட்டர் விடாது, நடுவில் 0.4 யூனிட் அளவுதான் பாவனைக்கு. அட்டனிலிருந்து இறங்கத் தொடங்கினால் வட்டவளை வருவதற்குள் நிரம்பிவிடும். மிச்ச ஆயிரம் மீற்றர் இறக்கத்தின் சக்தி முழுக்க என்ஜின் சுற்றியும் பிரேக் சூடாகியும் வீணாகப் போகிறது. கொழும்பு நெரிசலில் ஹைப்ரிட் காட்டும் கெட்டித்தனம் மலை இறக்கத்தில் குறைவதற்குக் காரணம் பெட்டரியின் அளவு.

பிளக்-இன் இந்த இரண்டுக்கும் இடையில். பழைய அவுட்லாண்டரில் 12 யூனிட் பெட்டரி. பாதி சார்ஜோடு வீட்டிலிருந்து புறப்பட்டால் இறக்கம் தரும் நாலு, நாலரை யூனிட்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். அதை வைத்துக் கொழும்புக்குள் பெற்றோல் இல்லாமல் ஓடலாம். வாகனம் 1.8 டொன்னுக்கு மேல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சார்ஜ் போடாமல் பெற்றோலில் மட்டும் ஓட்டினால் லீற்றருக்கு 11, 12 கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விஷயம்.

மேட்டில் வீடு இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒன்று: இரவில் 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய பெட்டரி இறக்கத்தின் சக்தியை வாங்காது, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வாகனம் தானாக இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். லீஃபை டைமர் வைத்து 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். வீட்டுச் சார்ஜரில் மணிக்கு 5 சதவீதம் ஏறும் என்று கணக்குப் பண்ணினால் போதும். காலையில் நேரே கொழும்பு என்றால்கூட 90க்கு மேல் வேண்டாம். அந்தக் குறையை இறக்கம் ஈடுகட்டிவிடும்.

உங்கள் ஓட்டத்துக்கு என் தெரிவு லீஃப். ஆனால் பெட்டரி நலம் 85க்குக் குறையாததாக இருக்க வேண்டும்.

வயரிங்_மேசை:

வாகனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன். லீஃபோ அவுட்லாண்டரோ வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

உங்கள் இணைப்பு 30 அம்பியர் ஒற்றைப் பேஸா, பழைய 15 அம்பியரா? மீட்டர் பெட்டியில் இருக்கும் பிரேக்கரில் எழுதியிருக்கும். 15 என்றால் முதலில் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். 30 என்றாலும் மொத்தம் 6.9 கிலோவாட்தான். மலைநாட்டு வீட்டில் சுடுதண்ணி ஹீட்டர் கட்டாயம் இருக்கும், அது 15 அம்பியர் இழுக்கும். கேத்தல் 9. வாகனம் 10. மூன்றும் ஒரே நேரத்தில் போட்டால் 34. பிரேக்கர் விழக்கூடும். 32 அம்பியர் வோல் சார்ஜர் வாங்கினால் வேகமாக ஏறும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள், இந்த இணைப்பில் அது ஓடாது. வாகனத்தோடு வரும் 10 அம்பியர் கேபிளே உங்களுக்குப் போதும். 10 அம்பியர் என்றால் 2.3 கிலோவாட். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் ஏறிவிடும்.

ஆனால் சுவரில் இருக்கும் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் அதைக் குத்த வேண்டாம். அயர்ன் பொக்ஸ் பத்து நிமிடம் இழுப்பது வேறு, வாகனம் எட்டு மணித்தியாலம் விடாமல் இழுப்பது வேறு. உள்ளே கம்பியைப் பிடிக்கும் திருகாணி சூட்டில் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும், கடைசியில் பிளாஸ்டிக் உருகும். பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் கேபிள் இழுத்து, 16 அம்பியர் பிரேக்கர் போட்டு, வெளிச்சுவரில் நீல நிற 16 அம்பியர் இன்டஸ்ட்ரியல் சொக்கெட் வையுங்கள். சொக்கெட் முகம் கீழே பார்க்க வேண்டும், மேலே மூடி இருக்க வேண்டும். கேபிள் முனையை அதற்கேற்ற பிளக்குக்கு மாற்றும்போது வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சில கேபிளில் பிளக்குக்குள்ளேயே சூடு பார்க்கும் சென்சர் இருக்கும், அதை வெட்டினால் சார்ஜ் ஏறாது. எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த கோட் உள்ளே வெந்துபோகும்.

ட்ரிப் சுவிட்ச் (கசிவு வந்தால் கரண்டை வெட்டுவது) வாகனத்துக்குத் தனியாக, 30 மில்லி அம்பியர், ஏ (A) வகை. வீட்டுக்குப் பொதுவாக இருக்கும் ஏசி (AC) வகை சுவிட்ச், வாகனச் சார்ஜரிலிருந்து டீசி (DC) கசிவு வந்தால் மந்தமாகிவிடும். ஆளுக்கு ஷொக் அடிக்கும்போது விழ வேண்டியது விழாது. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

மலையில் வரும் பெரிய தொல்லை எர்த். பாறை நிலத்தில் ஒரு செப்புக் கம்பியை அடித்துவிட்டுப் போனால் தடை நூற்றுக்கணக்கான ஓம் இருக்கும், சார்ஜர் சிவப்பு விளக்கு எரிந்து ஏற்ற மறுக்கும். பலபேர் வாகனம் பழுது என்று நினைத்துக் கராஜுக்கு ஓடுவது இதனால்தான். அளந்து பார்த்து 100 ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். இறங்காவிட்டால் இரண்டாவது கம்பி, முதலாவதிலிருந்து குறைந்தது அதன் நீளத்துக்குத் தள்ளி அடிக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பிரயோசனம் இல்லை.

மழையில் சார்ஜ் போடலாம், கேபிளின் பெட்டியைத் தரையில் போடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். இடி மின்னல் என்றால் சுவர்ப் பக்கமும் வாகனப் பக்கமும் கழற்றிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை நேரத்தில் இது முக்கியம்.

பில் கணக்கு: 30 கிலோமீற்றருக்கு மீட்டரில் 6 யூனிட். மாதம் 150 யூனிட் கூடும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால் இந்த 150ம் உங்கள் பில்லின் மேல்படி விலையில்தான் விழும். 180ஐத் தாண்டினால் கடைசிப் படி. அந்தப் படியின் விலையை வைத்துக் கணக்குப் பாருங்கள், சராசரியை வைத்து அல்ல. அக்குவா லீற்றருக்கு 18 கிலோமீற்றர், லீஃப் மீட்டர் யூனிட்டுக்கு 4.9 கிலோமீற்றர் என்று வைத்தால், பெற்றோல் விலையை 3.7 ஆல் வகுத்து வரும் தொகைக்குக் கீழே உங்கள் யூனிட் விலை இருக்கும்வரை லீஃப் ஓட்டச் செலவு குறைவு. விலை எப்போது மாறினாலும் இதே வகுத்தல்தான். கூரையில் சோலார் இருந்தால் வேறு கணக்கு, வாடகை வீட்டில் அதைப் பேச வேண்டியதில்லை.

சார்ஜ் நேரம் இரவு 10.30க்குப் பிறகு வையுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை ஊரே அடுப்பும் விளக்கும் போடும் நேரம், லைனின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் விழும், சார்ஜர் நின்று நின்று ஓடும்.

கராஜ்_வாசல்:

மலைப்பாதை அண்ணன் சொன்ன கணக்கு சரி. முடிவில்தான் எனக்குக் கொஞ்சம் வேறு எண்ணம். வாடகை வீடு என்கிறார். நாளைக்கு வீடு மாறி, தோட்ட லயத்துப் பக்கமோ மாடி வீட்டுக்கோ போனால் சார்ஜ் போட இடம் இருக்காது. அப்போது லீஃபும் அவுட்லாண்டரும் சுமைதான். சார்ஜுக்கு இடம் நிச்சயம் இல்லாதவர்களுக்கு அக்குவாவே பாதுகாப்பு. ஆனால் ஹைப்ரிட் என்றால் பராமரிப்பு வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். மலையில் அதற்கென்று சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பெட்டரி விசிறி. அக்குவாவின் பெட்டரி பின் இருக்கைக்கு அடியில். அது வாகனத்துக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுத்துக் குளிரும். காற்று போகும் வாயில் உள்ள ஃபில்டரில் இருக்கைத் துணி நூல், தூசி, நாய் முடி எல்லாம் அடைக்கும். மலையில் ஏற்றம் இறக்கம் என்று பெட்டரி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கிச் சூடாகும், அதோடு காற்றும் இல்லையென்றால் ஒன்றிரண்டு மொடியூல் (பெட்டரிக்குள் இருக்கும் தனித்தனிப் பகுதி) முதலில் சாகும். ஸ்கேன் பண்ணினால் பி0ஏ80 (P0A80) என்ற பெட்டரிப் பழுதுக் குறியீடு வரும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி ஊதுங்கள், வருடத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் துடையுங்கள். பின் இருக்கைப் பக்கத்தில் பை, போர்வை வைத்து அந்த வாயை மூடாதீர்கள். பெட்டரியில் 20 மொடியூல். செத்ததை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போனால் சில மாதத்தில் பக்கத்து மொடியூல் போகும், பழையதும் புதியதும் ஒரே வேகத்தில் நிரம்பாது. மாற்றினால் 20ஐயும் அளவு பார்த்துச் சமன் செய்து போட வேண்டும், அல்லது முழுதாக மாற்ற வேண்டும்.

அடுத்தது இறங்கும் முறை. நீண்ட இறக்கத்தில் கியரை B என்று எழுதியிருக்கும் பி மோடுக்குப் போடுங்கள் (பார்க்கிங் P அல்ல). பெட்டரி நிரம்பியதும் என்ஜின் திடீரென்று சத்தமாகச் சுற்றும். பழுது இல்லை, பெற்றோலும் எரியவில்லை. மோட்டார் என்ஜினைச் சும்மா சுற்றவைத்து வேகத்தைப் பிடிக்கிறது. சமதரையில் பி மோட் வேண்டாம். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். இந்த வாகனங்களில் நியூட்ரலில் சார்ஜும் ஏறாது, என்ஜினும் பிடிக்காது, இறம்பொடை வளைவில் பிரேக் மட்டும்தான் மிச்சம். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நம்ம ஈரத்தில் அது தண்ணியைக் குடித்துக் கொதிநிலை இறங்கிவிடும்.

மூன்று வகைக்கும் பொதுவான பிரேக் தொல்லை ஒன்று இருக்கிறது. மோட்டாரே பிடித்து நிறுத்துவதால் பிரேக் பேட் தேயாது. தேயாத பேட், மூடுபனி, மழை மூன்றும் சேர்ந்தால் டிஸ்க்கில் துரு, கலிப்பர் (பேடை அழுத்தும் பிடி) வழுக்கி நகரும் ஊசி இறுகும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பேட் புதிதுபோல் இருக்கிறதே என்று விடாமல் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் பண்ணி கிறீஸ் போட வேண்டும். லீஃப் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஆள் இல்லாத ரோட்டில் நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக மிதித்தால் டிஸ்க் துருப்பிடிக்காது.

அவுட்லாண்டர் பற்றி. பெட்டரி பழசாகி 75 சதவீதம் என்றால் கரண்டில் 25 கிலோமீற்றர் ஓடினாலே நல்லது. உங்கள் தினசரி ஓட்டத்துக்கு அது மட்டுமட்டு. ஸ்டியரிங் அருகில் உள்ள பேடலில் பி5 (B5) வரை கூட்டினால் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும். ஏற வரும்போது சமதரையில் சேவ் பட்டனை அழுத்தி 30 சதவீதமாவது சார்ஜை மிச்சம் வையுங்கள். காலி பெட்டரியோடு மலை ஏறினால் என்ஜின் ஜெனரேட்டராகக் கத்திக்கொண்டே வரும். குளிரில் ஹீட்டர் போட்டால், மின் ஹீட்டர் இல்லாத மொடல்களில் சூட்டுக்காகவே என்ஜின் ஸ்டார்ட் ஆகும். நுவரெலியாவில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கொட்டகலை_வாசி:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் பெட்டியைப் பார்த்தேன், 30 அம்பியர்தான். வீட்டுச் சொந்தக்காரரும் தனி சொக்கெட் போடச் சம்மதித்துவிட்டார். இரண்டு கேள்விகள். ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல், வெகன் ஆர் ஹைப்ரிட் எல்லாம் சந்தையில் நிறைய இருக்கின்றன, அவற்றை ஏன் யாரும் சொல்லவில்லை? லீஃப் பெட்டரியை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

கராஜ்_வாசல்:

வெகன் ஆரில் உள்ள மோட்டார் 2.3 கிலோவாட்தான். என்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். 660 சீசி என்ஜின் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏறும்போது உச்சத்தில் சுற்றும். டவுனுக்குள் தனி ஆளாக ஓட நல்ல வாகனம், மலை ஏறும் குடும்பத்துக்கு மற்றதுகளோடு ஒப்பிட வேண்டாம்.

ஜிபி5, அதே காலத்து வெசல் இரண்டிலும் ஏழு கியர் இரட்டைக் கிளச். அது ஒயிலில் ஊறாத உலர்ந்த கிளச். அட்டன் டவுனில், கண்டியில் ஏற்றத்தில் நெரிசல் நிற்கும்போது அக்சிலரேட்டரால் வாகனத்தைப் பிடித்துவைத்தாலும், அடி அடியாக ஊர்ந்தாலும் கிளச் உரசிச் சூடாகும், எச்சரிக்கை வரும். முன்னால் இரண்டு வாகன இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரேயடியாக நகர வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் வாங்கலாம். அக்குவாவில் கிளச் என்ற ஒன்றே இல்லை, அதனால்தான் மலைக்கு அதைச் சொன்னேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் இப்போது கைமாறும் ஹைப்ரிட்களில் பெரும்பாலானவை வயதானவை. ஓடோமீட்டரைப் பார்த்து விலை பேசாமல் பெட்டரியைப் பார்த்துப் பேசுங்கள்.

மலைப்பாதை:

சொக்கெட்டுக்குச் சம்மதம் கிடைத்தது நல்ல செய்தி. லீஃப் சோதனை இப்படி.

வாகனத்தின் சோதனை வாயில் (ஓபிடி) குத்தும் புளூடூத் டொங்கிள் ஒன்றும் போனில் லீஃப் ஸ்பை செயலியும் வேண்டும். டேஷ்போர்டின் வலதோரத்தில் பெட்டரி நலத்தைக் காட்டும் 12 கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். முதல் கோடு விழுவதே நலம் 85க்கு அருகில் வரும்போதுதான், அதனால் 12 கோடும் இருக்கும் வாகனம் 98ஆகவும் இருக்கலாம், 86ஆகவும் இருக்கலாம். செயலியில் எஸ்ஓஎச் (SOH, பெட்டரி நலம்) என்ற எண்ணைப் பாருங்கள். விற்பதற்கு முன் கொம்பியூட்டரை ரீசெட் பண்ணி எண்ணை உயர்த்திக் காட்டுபவர்கள் இருப்பதால் அந்த எண்ணோடும் நிறுத்த வேண்டாம்.

சார்ஜ் 90க்கு மேல் இருக்கும்போது வாகனத்தை எடுத்து, நல்ல நீளமான ஏற்றம் ஒன்றில் 60க்குக் கீழே வரும்வரை ஓட்டுங்கள். அவிசாவளைப் பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் கித்துல்கலை தாண்டிய ஏற்றம் போதும். ஏறும்போதே செயலி காட்டும் பெட்டரிச் செல்களின் வோல்டேஜ் வரைபடத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 96 செல்லும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள இடைவெளி நிற்கும்போது 20, 30 மில்லி வோல்ட் இருந்தால் பரவாயில்லை. ஏற்றத்தில் முழுச் சுமையில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட்டுக் கீழே சரிந்தால், எஸ்ஓஎச் எவ்வளவு காட்டினாலும் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள். சமதரையில் மறைந்து நிற்கும் அந்தச் செல்தான் தலவாக்கலை ஏற்றத்தில், வாகனத்தின் சக்தி குறைக்கப்பட்டதைக் காட்டும் ஆமைச் சின்னத்தை எரியவைக்கும்.

எத்தனை யூனிட் செலவானது என்பதையும் செயலி காட்டும். செலவான யூனிட்டை, இறங்கிய சதவீதத்தால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 90 இலிருந்து 60க்கு வர 9.5 யூனிட் போனால் மொத்தம் 31, 32 யூனிட் இருக்கிறது என்று அர்த்தம். ரீசெட் பண்ணியிருந்தால் இந்தக் கணக்கும் எஸ்ஓஎச்சும் ஒத்துப்போகாது.

வேகச் சார்ஜ் வாயையும் பாருங்கள். யப்பானிலிருந்து வந்த லீஃபில் சாடெமோ (CHAdeMO) என்ற வகை வாய். புதிதாக வரும் வாகனங்களில் வேறு வகை வாய், அதனால் எல்லா இடத்திலும் சாடெமோ துப்பாக்கி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கொழும்பு போகும் வழியில் இரண்டு இடத்தைத் தேர்ந்து, புறப்படும் முன் போன் பண்ணி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். லீஃப் பெட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை. அவிசாவளை வெயிலில் வேகச் சார்ஜ் போட்டு உடனே மலை ஏறினால் பெட்டரிச் சூடு கூடும், அதனால் 80 சதவீதத்தோடு நிறுத்திக் கிளம்புங்கள். அங்கிருந்து வீட்டுக்கு 80 தாராளம். கொட்டகலைக் குளிர் இந்தப் பெட்டரிக்கு நல்லதுதான், வெயில் ஊரில் ஓடியதைவிட மெதுவாகத்தான் தேயும். அதனால் ஒரே விலையில் இரண்டு கிடைத்தால் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஓடியதை முதலில் போய்ப் பாருங்கள்.